சினை ஊசிக்காரர் வீட்டு ஆடி

புவனேஸ்வரியிடமிருந்து போன் வந்தபோது சோலைமலையின் இடது கை உடையப்பன் வீட்டுச் சிவப்பு மாட்டுக்குள் முழங்கைக்கு மேல் போயிருந்தது. வலது கையில் சினை ஊசி. போனை எடுக்க மூன்றாவது கை இல்லாததால், மாட்டுக்காரர் உடையப்பனே அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, எனக்கு நாள் தள்ளிப் போயிருச்சு. இன்னையோட அஞ்சு நாள்."

சோலைமலைக்கு மாட்டுக்குள் இருந்த கை மரத்துப்போனது. உடையப்பனின் காது போனிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருந்தது.

"சரிங்க. நேரா வந்து பாக்குறேங்க. அது வரைக்கும் தண்ணி நல்லாக் காட்டுங்க," என்றான்.

தண்ணி யாருக்கு என்று கேட்டுவிட்டுப் புவனேஸ்வரி அழ ஆரம்பித்தாள். உடையப்பன் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, எந்த ஊர் மாடு என்று அக்கறையாக விசாரித்தார். வெளியூர் மாடு என்று சொல்லி வைத்தான்.

சோலைமலை குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போடுகிறவன். எட்டு வருஷ சர்வீஸ். அந்த வட்டாரத்தில் துள்ளிக்கொண்டிருக்கிற கன்றுகளில் நாலாயிரமாவது அவன் கைபட்டு வந்தவை. அவனுக்கு வைகாசியில் கல்யாணம் நடந்தபோது, மற்ற மாப்பிள்ளைகளை ஓரமாகக் கூட்டிப்போய்க் காதில் ஏதாவது ஓதுகிற சேக்காளிகள் ஒருவன்கூட இவன் பக்கம் வரவில்லை. இவனுக்குப் போய் நாம் என்னத்தைச் சொல்ல என்று சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள்.

கல்யாணமாகி ரெண்டு மாசம் முடிவதற்குள் ஆடி வந்தது. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரையில் பிறக்கிற பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது. இதில் சோலைமலையின் அம்மா ஜக்கம்மாளைவிடக் கறாரான ஆள் அந்தத் தாலுகாவில் கிடையாது. ஆடி முடிகிறவரை சேர மாட்டோம் என்று மகனையும் மருமகளையும் சூடத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் பண்ண வைத்தாள். சித்திரைப் பிள்ளை வந்தால் மருமகள் தாய்வீடான கன்னிவாடியிலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான், தன் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சம்பந்திகள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். ஜக்கம்மாள் சொன்னால் சொன்னதுதான். பத்து வருஷம் முன்பு கோபத்தில் சொந்தத் தம்பியோடு பேச மாட்டேன் என்றாள், இன்றுவரை பேசவில்லை.

சோலைமலைக்குப் புவனேஸ்வரி என்றால் உசுரு. அவள் இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை. ஆடி நாலு வரை தாங்கினான். ஐந்தாம் தேதி, காளை விந்து உறைந்து கிடக்கிற நைட்ரஜன் கேனை பைக்கில் கட்டிக்கொண்டு, மாடு பார்க்கப் போகிற பாவனையில் கன்னிவாடிக்கே போய்விட்டான். மாமனார் தோட்டத்தில் இருந்தார், மாமியார் ரேஷன் கடை வரிசையில் நின்றாள்.

புவனேஸ்வரி பி.காம். படித்தவள். சத்தியத்தை வக்கீல் மாதிரி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, துணியை அவிழ்க்காதவரை சத்தியம் தவறவில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். அப்படியே நடந்துகொண்டார்கள். சத்தியம் காப்பாற்றப்பட்டது. கைலியைத்தான் காப்பாற்ற முடியவில்லை, கிணற்றடியில் அலசிப் போட்டுவிட்டு வந்தான்.

இப்போது நாள் தள்ளிவிட்டது.

வேறொருவனாக இருந்தால், துணி இருந்ததே, என்ன ஆகிவிடும் என்று தைரியமாக இருந்திருப்பான். சோலைமலை விந்தைப் பற்றி அளவுக்கு மீறி மரியாதை வைத்திருந்தவன். அவனுடைய கேனில் அது வருஷக்கணக்கில் உறைந்து கிடந்து, வெதுவெதுப்பான தண்ணியில் அரை நிமிஷம் போட்டதும் எழுந்து வேலைக்குப் போகிற ஜாதி. ஒருதரம் மாடு திமிறியதில் ஊசி தவறி, சரக்கெல்லாம் உறுப்பு வாசலிலேயே சிந்திவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டான். பத்தாம் மாசம் அந்த மாடு கிடாரிக் கன்று போட்டது. அதே மாட்டை முந்தின வாரம் பக்கத்து ஊர்க் காளை விரட்டிக்கொண்டு திரிந்த விஷயம் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் சிந்தினாலே பிடித்துக்கொள்கிற சமாச்சாரத்துக்குக் கைலி எம்மாத்திரம் என்று நினைத்தான்.

மருந்தகத்துச் சுவரில் ஊசி போட்ட தேதிக்கு நேரே கன்று போடும் தேதி காட்டுகிற அட்டவணை தொங்கியது. மாட்டுக்கும் மனுஷிக்கும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆடி ஐந்துக்கு நேரே விரலை வைத்தான். சித்திரை பதினாலு என்று வந்தது.

செல்போனில் தேடிப் பார்த்தான். ஒருவர் முத்தம் கொடுத்தாலே ஜாக்கிரதை என்றார். இன்னொருவர் நீச்சல் குளத்தைப் பற்றி எச்சரித்தார். மூன்றாமவர் எல்லாவற்றுக்கும் ஒரே லேகியம் விற்றார். படித்த மனுஷரிடம் கேட்பதே மேல் என்று மருந்தக டாக்டர் மதியழகனிடம் போனான். நேராகக் கேட்க வாய் வரவில்லை. மாட்டு பாஷையில் கேட்டான்.

"சார், உள்ள போகாம வெளியவே சிந்திட்டாலும் சினை புடிக்குமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ இதுவரைக்கும் எத்தனை மாட்டுக்கு வெளிய சிந்தியிருக்கே?"

அவ்வளவுதான். மூன்று மாசத்தில் ஊசி போட்ட அத்தனை மாட்டையும் மறுபடி பார்த்துக் கையெழுத்தோடு அறிக்கை கொடுக்கச் சொல்லிவிட்டார். சோலைமலை தலையாட்டிவிட்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினான்.

தெரிந்த முகம் எதுவும் வராத கடையாக இருக்கட்டும் என்று பேகம்பூரில் ஒரு மெடிக்கலைப் பிடித்தான். கூட்டம் போகிறவரை இருமல் மருந்து விளம்பரத்தைப் படித்துக்கொண்டு நின்றான். கடைக்காரர் நைனா முகமது நல்ல மனுஷர், குரல்தான் பெரிசு. கர்ப்பம் பார்க்கிற கிட்டா என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி உறுதிப்படுத்திக்கொண்டு, எடுத்துக் கொடுத்து, மாஷா அல்லா, நல்ல சேதி வரட்டும் தம்பி என்று வாழ்த்தினார்.

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் உடையப்பன். சம்சாரத்துக்கு பிரஷர் மாத்திரை வாங்க வந்திருந்தார். உடையப்பன் ஊர்ப் பால் சொசைட்டியின் செயலாளர். அவரிடம் சொன்னால் காலைப் பால் ஊற்றுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"ஏப்பா, புவனா கன்னிவாடியிலல்ல இருக்கு? இது யாருக்கு?"

"மாட்டுக்கு பெரியப்பா," என்றான் சோலைமலை. சொன்னது அவன் வாய்தான், மூளைக்குத் தகவல் அப்புறம்தான் போனது. "புதுசா வந்திருக்கு. நாலு சொட்டு மூத்திரம் விட்டா அஞ்சு நிமிசத்துல சினையா இல்லையானு தெரிஞ்சிரும். ரெண்டு கோடு வந்தா சினை."

உடையப்பன் அங்கேயே பத்து கிட் வாங்கினார். அறுபத்தைந்து வயசு ஆளை நைனா முகமது ஏற இறங்கப் பார்த்தார். இந்தத் தடவை மாஷா அல்லாவைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

சோலைமலை வீட்டுக்கு வந்து சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனான். விடிந்ததும் கன்னிவாடிக்குப் போய் கிட்டைக் கொடுத்துவிடலாம் என்று யோசனை. குளித்துவிட்டு வந்தால் அம்மா தொழுவத்தில் குந்தியிருந்தாள். கையில் அவனுடைய கிட். உடையப்பன் பஸ்ஸிலிருந்தே போன் போட்டுவிட்டார்.

"ஏலே, நம்ம மாடு நாலு மாசச் சினைன்னியே. இங்க ஒத்தக் கோடுதான் இருக்கு."

அது பொம்பளைகளுக்கானது என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் எந்தப் பொம்பளைக்கு என்று அடுத்த கேள்வி வரும். கிட்டு பழசாக இருக்கும் என்று முனகிவிட்டு உள்ளே போனான். ஜக்கம்மாள் அன்று மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்கவில்லை. சினையில்லாத மாட்டுக்கு அது எதற்கு.

மறுநாள் காலை மருந்தக வாசலில் இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். கையில் பாட்டில். குவார்ட்டர் பாட்டிலில் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள், ஷாம்பு டப்பாவில் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள், ஒருத்தர் பேத்தி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பாட்டிலிலேயே கொண்டுவந்திருந்தார். உடையப்பனின் பத்து கிட்டும் அதற்குள் தீர்ந்திருந்தது. அத்தனையிலும் ஒற்றைக் கோடு. ஊரில் ஒரு மாடுகூடச் சினை இல்லை.

அடுத்த வாரம் கன்று போட வேண்டிய தன் கறுப்பு மாட்டுக்கும் ஒற்றைக் கோடு வந்ததில்தான் உடையப்பனுக்கு மனசு விட்டுப்போயிருந்தது.

"வயித்துக்குள்ள கன்னு உதைக்கிறத நானே பாக்குறேன். இது இல்லேங்குது. கன்னு பொய்யா, கோடு பொய்யா, அதைச் சொல்லு."

கூட்டத்தில் ஒருவர், எட்டு வருஷமாக இவன் பச்சைத் தண்ணியைத்தான் ஊசியில் ஏற்றியிருக்கிறான் என்றார். இன்னொருவர் மாட்டைச் சந்தைக்கு ஓட்டப்போவதாகச் சொன்னார். சத்தம் கேட்டு டாக்டர் மதியழகன் வெளியே வந்து, ஒரு கிட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இது பொம்பளைகளுக்குப் பார்க்கிறது, மாட்டுக்கு வைத்தால் ஏழு ஜென்மத்துக்கும் ஒற்றைக் கோடுதான் வரும் என்று விளக்கினார். கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. மாடுகள் எல்லாம் திரும்பச் சினையாயின. அந்த நிம்மதி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு ஒவ்வொரு தலையாகச் சோலைமலை பக்கம் திரும்பியது. அப்படியானால் இவன் பேகம்பூரில் போய் வாங்கியது யாருக்கு?

கூட்டத்தின் கடைசியில் ஜக்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள், கையில் பாட்டிலோடு. மருமகள் கன்னிவாடியில். மகன் அங்கே போகவில்லை, சத்தியம் பண்ணியிருக்கிறான். மிச்சம் இருப்பது ஒரே வழி என்று அவள் கணக்குப் போட்டாள்.

"எந்தச் சிறுக்கிடா அவ?"

சோலைமலை கூட்டத்தைப் பார்த்தான். ஆச்சரியமாக, யாரும் அவனைக் கேவலமாகப் பார்க்கவில்லை. சில பேர் கண்ணில் மரியாதைகூட இருந்தது. இந்தப் பூனையா என்பது போல உடையப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். வைப்பாட்டி இருக்கிறாள் என்று சொன்னால் இந்த ஊர் ஒரு வாரம் பேசிவிட்டு விட்டுவிடும். கட்டின பொண்டாட்டியைப் போய்ப் பார்த்தேன் என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

ஆனாலும் புவனேஸ்வரியின் முகம் நினைவுக்கு வந்தது. இல்லாத ஒருத்தியைச் சொல்லித் தப்பித்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது. அம்மாவை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டான். ஆடி ஐந்து, மாமியார் ரேஷன் கடை, கைலி, எல்லாம்.

ஜக்கம்மாள் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தாள். "வேற எவளாச்சுமா இருந்தாக்கூடத் தேவலையேடா," என்றாள்.

அடுத்த பஸ்ஸில் ரெண்டு பேரும் கன்னிவாடிக்குப் போனார்கள். புவனேஸ்வரியின் துணிமணிகள் இன்னும் இவர்கள் வீட்டுப் பீரோவில்தான் இருந்தன. அம்மா அதைக் கட்டிக் கொடுத்து அனுப்பச் சொல்வாளோ என்று சோலைமலை வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தான்.

அங்கே போனால் புவனேஸ்வரி வாசலிலேயே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பப்பாளி தின்றால் கலைந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி ரெண்டு நாளாகப் பப்பாளியாகத் தின்றிருக்கிறாள். மகள் ஆசையாகச் சாப்பிடுகிறாளே என்று அவள் அப்பா தோட்டத்திலிருந்து கூடை கூடையாகக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். வந்தது அஜீரண வாந்தி. ரெண்டு சம்பந்தியம்மாக்களும் அதைப் பார்த்து முடிவே கட்டிவிட்டார்கள்.

"நாங்க துணியவே அவுக்கல அத்தை," என்று அழுதாள் புவனேஸ்வரி.

"அப்புறம் எப்படிடி?" என்றாள் ஜக்கம்மாள்.

ரெண்டு பேருமாக ஏழு பிள்ளை பெற்ற தாய்மார்கள், ஒரு பி.காம்., நாலாயிரம் கன்றுக்குக் காரணமான ஒரு அரசாங்க ஊழியன், நாலு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆகும் என்றாள் புவனேஸ்வரியின் அம்மா. ஆகாது என்று அடித்துச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் பக்கத்துத் தெரு சுகாதார நிலையத்துக்கே எல்லோரும் கிளம்பினார்கள்.

நர்ஸ் அல்போன்சா இருபத்தைந்து வருஷமாக அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசவம் பார்க்கிறவர். அம்மாக்கள் ரெண்டு பேரையும் வெளி பெஞ்சில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். கிட்டை வைத்துப் பார்த்தார். ஒற்றைக் கோடு.

"இது மாட்டுக்கு வைக்கிறது இல்லையே சிஸ்டர்?" என்று சோலைமலை கேட்டான். அல்போன்சா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிறகு ஆடி ஐந்தில் நடந்ததைப் பூராவும் கேட்டுக்கொண்டு, நிதானமாக எடுத்துச் சொன்னார். பிள்ளை உண்டாக வேண்டுமானால் விந்து பெண்ணுறுப்புக்குள் போக வேண்டும். கட்டிப்பிடித்ததற்கும் முத்தம் கொடுத்ததற்கும் பிள்ளை வராது. தொடையிலோ வயிற்றிலோ பட்டதோ, துணியில் பட்டதோ அங்கேயிருந்து நடந்து உள்ளே போகாது, காய்ந்தால் செத்துப்போகும். துணியில்லாமல் உறுப்பு வாசலிலேயே ஈரமாகப் பட்டால் மட்டும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு, அதுவும் ரொம்பக் குறைச்சல். அப்படிப் பயம் வந்தால் பப்பாளியைத் தேடக் கூடாது, மூணு நாளைக்குள் இங்கே வந்தால் மாத்திரை இருக்கிறது. நாள் தள்ளியது கவலையினால், தானாக வரும். ஒரு வாரத்தில் வராவிட்டால் மறுபடி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

சோலைமலை அழுதுவிட்டான். வெட்கப்படாமல் அழுதான். புவனேஸ்வரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆவணி ஒண்ணாம் தேதி காலையிலேயே வந்து கூட்டிப் போகிறேன் என்றான். பெட்டி இப்பவே கட்டி வைத்துவிடுவேன் என்றாள். கதவுக்கு வெளியே அம்மாக்களுக்கும் சேதி போனது. ஜக்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் மருமகள் நெருப்பு என்று யாரிடமோ சொல்வது உள்ளே கேட்டது.

அல்போன்சா புதுத்தம்பதிகள் பதிவேட்டை எடுத்து ரெண்டு பேர் பெயரையும் எழுதினார். ஆவணிக்கு அப்புறம் பிள்ளையைத் தள்ளிப்போடுகிற எண்ணம் உண்டா, இதுவரைக்கும் ஏதாவது உபயோகித்தார்களா என்று கேட்டார். அது எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஆடிக்கு முன்னாடியும் இதேதான். நடுவுல துணி இருக்காது, அம்புட்டுத்தான் வித்தியாசம்," என்றான் சோலைமலை.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அல்போன்சா நாற்காலியைப் புவனேஸ்வரி பக்கம் இழுத்துப் போட்டு, வாசலோடு நிற்காமல் உள்ளே என்றைக்காவது நடந்ததுண்டா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். புவனேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரில் தொங்கிய தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தான்.

"மொத நாளே வலிக்குதுன்னா சிஸ்டர். அவளக் கஷ்டப்படுத்த மனசு வரல, அதான் அப்பலேருந்து..."

அல்போன்சா பதிவேட்டை மூடினார். அம்மாக்களின் காதில் விழாதபடி ஜன்னல் கதவையும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஆடி, தாலி கட்டுன அன்னைக்கே பொறந்திருச்சு தம்பி."